பசைக்கும் மதிப்பெண் போடுங்கள்

ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைச் செயலர் அவர்களுக்கும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தலைமை இயக்குநர் அவர்களுக்கும்,

கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் பழுதுநீக்கக் குறியீடு (எவ்வளவு எளிதாகப் பழுதுநீக்கலாம் என்று காட்டும் மதிப்பெண்) கொண்டுவருவதற்கான சட்டகத்தை, துறை அமைத்த குழு 2025 மே மாதம் ஒப்படைத்தது. பிரிப்பதற்கு எத்தனை படிகள், பழுதுநீக்கத் தகவல் கிடைக்கிறதா, உதிரிபாகம் எவ்வளவு நாளில் வரும், மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டு, என்ன கருவி, பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் இணைப்பான் என்ன என்று அளவுகோல்கள் வகுத்திருக்கிறார்கள். மதிப்பெண்ணை நிறுவனங்களே கணக்கிட்டு அறிவிக்கும். எங்கள் முறையீடு அதில் வரும் ‘இணைப்பான்’ என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. அதற்குத் திருகு என்று மட்டும் பொருள் கொள்ள இடம் இருக்கிறது. இடம் இருந்தால் நிறுவனம் அப்படித்தான் பொருள் கொள்ளும். குழு முதன்மைப் பாகங்களாகச் சொல்லும் பேட்டரி, டிஸ்ப்ளே, பேக் கவர் மூன்றையும் இன்றைக்குப் பிடித்து வைத்திருப்பது பசை.

பேட்டரி மாற்றும் வேலையையே பாருங்கள். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, போனை அணைத்து, ஹீட்டிங் பேடில் 80 டிகிரியில் மூன்று நான்கு நிமிடம் வைக்க வேண்டும். உறிஞ்சு கப்பால் பேக் கவரின் ஒரு விளிம்பைத் தூக்கி, மயிரிழை இடுக்கில் மெல்லிய ஸ்டீல் தகட்டை நுழைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, பிளாஸ்டிக் பிக்கை நான்கு பக்கமும் ஓட்ட வேண்டும். நடுவில் சூடு ஆறிவிட்டால் மறுபடி பேடுக்குப் போக வேண்டும். கண்ணாடிக் கவர் மூலையிலோ கேமரா வளையத்தின் ஓரத்திலோ விரிசல் விடும். பிக் சில மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போனால் பட்டனின் ஃபிளெக்ஸோ (மெல்லிய வளையும் பட்டை வயர்) வயர்லெஸ் சார்ஜிங் சுருளோ அறுந்துவிடும். கவர் கழன்ற பிறகுதான் திருகுகள் வரும். பத்துப் பதினைந்து இருக்கும். இரண்டு நிமிட வேலை.

அடுத்து பேட்டரி. அடியில் இழுத்தால் நீண்டு வந்துவிடும் டேப் போட்டிருந்தால் அதிர்ஷ்டம். அதுவும் வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து விறைத்திருந்தால் பாதியில் அறுந்துவிடும். வெறும் இரட்டைப் பக்க டேப் என்றால் ஆல்கஹாலை ஊசியால் விளிம்பில் விட்டு, ஐந்து நிமிடம் ஊறவைத்து, நைலான் நூலால் அறுக்க வேண்டும். ஆல்கஹால் கொஞ்சம் கூடினால் எல்சிடி டிஸ்ப்ளேயின் பின்விளக்கு அடுக்குகளுக்குள் கசிந்து திட்டுத் திட்டாக நிற்கும். அவசரப்பட்டு நெம்பினால் பேட்டரி வளையும். அந்த பேட்டரியின் உறை, அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த, பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே கனமுள்ள தாள். அதில் ஓட்டை விழுந்தாலும், உள்ளே அடுக்குகள் மடிந்து ஒன்றையொன்று தொட்டாலும் புகை, பிறகு நெருப்பு. அதனால் வளைந்த பேட்டரியைத் திரும்பப் பொருத்தக் கூடாது என்பது சர்வீஸ் மேசையின் முதல் விதி. பேட்டரிக்கு அடியில் ஓடும் ஃபிளெக்ஸை மாற்ற வந்த வேலையிலும், பசை விடாததால் நல்ல பேட்டரி ஒன்று குப்பைக்குப் போவது இப்படித்தான்.

இதற்குச் சர்வீஸ் செய்பவரின் கைத்திறன் போதவில்லை என்று சொல்லிவிடலாம். காரணம் அங்கே இல்லை, பசையின் வேதியியலில் இருக்கிறது. கைப்பேசிக்குள் பெரும்பாலும் இரண்டு வகைப் பசை. ஒன்று, அக்ரிலிக் டேப். அழுத்தினால் ஒட்டும், சூட்டில் இளகும், ஆனால் முழுசாக விடாது. இன்னொன்று, சட்டகத்தின் விளிம்பில் ஊசி வழியாக இழை போல விடப்படும் ஈரத்தில் இறுகும் பாலியூரித்தேன். தொழிற்சாலையில் சூடாக உருகிய நிலையில் இறங்கி, காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து குறுக்குப் பிணைப்பு போட்டுக்கொள்ளும். அதற்குப் பிறகு அது உருகவே உருகாது. நாம் சூடு காட்டும்போது அது பலவீனமாவதை ‘இளகிவிட்டது’ என்கிறோம். உண்மையில் அதைக் கிழித்துத்தான் எடுக்கிறோம். பொறுமை இழந்து ஹீட் கன்னை 300 டிகிரியில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். யூரித்தேன் பிணைப்பும் சுமார் 150 டிகிரிக்கு மேல் திறக்கத் தொடங்கும், ஒரு வகையில் அதுவும் மீளும் பிணைப்புதான், அதாவது அவிழ்ந்து மறுபடி சேரக்கூடியது. ஆனால் திறந்து வெளியே வருவது ஐசோசயனேட். ஆஸ்துமா வரவைக்கும் பொருள். ஜன்னல் இல்லாத ஆறுக்கு எட்டடிக் கடையில் அதைச் சுவாசிப்பவருக்கு எந்தக் குறியீட்டிலும் மதிப்பெண் இல்லை.

சூட்டுக்கு இன்னொரு எல்லையும் உண்டு. லித்தியம் பேட்டரியில் கிராஃபைட்டின் மேல் படிந்திருக்கும் பாதுகாப்புப் படலம் 80, 90 டிகிரியிலேயே சிதையத் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் பாலிஎத்திலீன் பிரிப்பான் 130 டிகிரி அளவில் உருகிவிடும். பசைக்குத் தேவையான சூடும் பேட்டரிக்கு ஆகாத சூடும் ஏறத்தாழ ஒன்றுதான். மேசையில் நடக்கும் விபத்துகளுக்கு மூலம் இந்த நெருக்கம்.

மீளும் பிணைப்புள்ள பாலிமர்கள் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆய்வுக்கூடத்தில் இருக்கின்றன; சில தொழிற்சாலைக்கும் வந்துவிட்டன. சாதாரண எப்பாக்ஸியில் ஒருமுறை போட்ட முடிச்சு போட்டதுதான். மீளும் வகையில் முடிச்சை அவிழ்க்கும் வழியையும் சேர்த்தே போடுகிறார்கள். எந்த முடிச்சு, எதற்கு அவிழும், எதற்கு அவிழக் கூடாது என்பதில்தான் விஷயம் முழுவதும் இருக்கிறது. அதனால்தான் ‘மறுசுழற்சிக்கு உகந்த பசை’ என்ற பொத்தாம்பொதுவான வாசகத்தை நீங்கள் ஏற்கக் கூடாது என்கிறோம்.

ஃபியூரான், மாலிமைடு என்ற இரண்டு வேதித் தொகுதிகளின் ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். டீல்ஸ், ஆல்டர் இருவர் பெயரால் அழைக்கப்படும் வினை. அதற்காக 1950-இல் நோபல் வாங்கினார்கள். 60 டிகிரி அளவில் இவை இரண்டும் கைகோர்க்கும், 110, 120 டிகிரியைத் தாண்டினால் கையை விடும், ஆறினால் மறுபடி கோர்க்கும். இந்தப் பிணைப்பை வைத்து, விரிசல் விட்டால் சூட்டில் தானே கூடிக்கொள்ளும் பாலிமரை 2002-இல் அமெரிக்காவில் செய்து காட்டினார்கள். அடுத்த ஆண்டே சாண்டியா தேசிய ஆய்வகத்திலிருந்து, சூடேற்றிக் கழற்றும் எப்பாக்ஸிப் பசை பற்றிய கட்டுரை வந்தது. ஃபியூரானுக்கு மூலமான ஃபர்ஃபுரலைக் கரும்புச் சக்கையிலிருந்தும் சோளத் தக்கையிலிருந்தும் எடுக்கலாம்; சர்க்கரை ஆலைகள் நிறைந்த நாட்டுக்கு இது எட்டாத பொருள் இல்லை. குறை எங்கே என்றால், 150 டிகிரிக்கு மேல் நேரம் கடத்தினால் மாலிமைடுகள் தங்களுக்குள்ளேயே பிணைந்துகொள்ளும். அதன் பின் அந்த முடிச்சு அவிழாது. எப்பாக்ஸியை இறுக்கப் போடும் அமீன் கடினமாக்கியும் மாலிமைடைத் தின்றுவிடும் என்பதால், கலக்கும் வரிசை தப்பினால் பெயருக்குத்தான் மீளும் பசை. முக்கியமாக, 110 டிகிரியில் திறக்கும் பசையை பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. எப்பாக்ஸி ஊற்றி மூடிவிடும் கன்ட்ரோலர் போர்டு, எல்இடி டிரைவர் இவற்றுக்குத்தான் இது பொருந்தும். போர்டு அந்தச் சூட்டைத் தாங்கும்.

பாரிஸில் லூத்விக் லெய்ப்லர் குழு 2011-இல் வெளியிட்ட விட்ரிமர் வேறு வகை. அதில் ஒரு பிணைப்பு விடும்போதே பக்கத்தில் இன்னொன்று சேர்ந்துவிடும். மொத்த எண்ணிக்கை குறையாது. எஸ்டர் பிணைப்புகள் துத்தநாக உப்பின் துணையோடு இடம் மாறிக்கொள்வதால், கண்ணாடி ஊதுபவர் கண்ணாடியை வளைப்பது போலச் சூட்டில் வளைக்கலாம், மறுபடி ஒட்டலாம். ஆனால் அதற்கு உயர்ந்த வெப்பம் வேண்டும். ஒட்டியதைச் சட்டென்று விடுவிக்கவும் இது தோதானதில்லை, பிணைப்பு எப்போதும் இருந்துகொண்டே இருப்பதால். கைப்பேசிக்கு இதை விற்க வருபவரிடம் பிரிக்கும் வெப்பநிலையை முதலில் கேளுங்கள்.

எங்களுக்கு நம்பிக்கை தருவது டைசல்ஃபைடு, அதாவது இரண்டு கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு. நீரிழிவுக்காரர்களின் கால் எரிச்சலுக்கு மெத்தில்கோபாலமினோடு சேர்த்து எழுதித் தரும் மாத்திரையில் ஆல்ஃபா லிப்போயிக் அமிலம் இருக்கும், மருந்துக்கடை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் தெரியும். அந்த மூலக்கூறில் இரண்டு கந்தகம் சேர்ந்த ஒரு வளையம் உண்டு. வளையம் திறந்தால் சங்கிலியாகக் கோர்த்துப் பசையாகும். சங்கிலி மூடினால் மறுபடி அமிலமாகும். இத்தனை நாள் பிரச்சினை, சங்கிலி தன்னிச்சையாகவே மூடிக்கொண்டதுதான். சங்கிலி முனைகளை நிலைநிறுத்தும் வழியை 2024-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் காட்டினார்கள். மருத்துவம், வீட்டு உபயோகம், தொழில் மூன்றுக்கும் ஒரே மூலப்பொருளிலிருந்து பசை செய்து, அதைத் திரும்ப எடுத்தும் காட்டினார்கள். இதைத் திறக்க நெருப்பு வேண்டாம். ஆனால் மேசையில் எந்தத் திரவத்தால், எத்தனை நிமிடத்தில் விடும், அந்தத் திரவம் செம்பையும் டிஸ்ப்ளேயையும் என்ன செய்யும் என்பதற்கு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தனித்தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். தயால் என்ற கந்தகச் சேர்ம வகைத் திரவம் என்றால் நாற்றமே கடையைக் காலி செய்துவிடும்.

காற்றாலை இறக்கைகளில் இந்த யோசனை ஏற்கெனவே வேலை செய்கிறது. சூடான மென்மையான அமிலத்தில் அறுபடும் பிணைப்பைக் கடினமாக்கியிலேயே வைத்து, ரெசினையும் கண்ணாடி இழையையும் தனித்தனியே மீட்கும் முறை அது. இந்தியக் குழுமம் ஒன்றான ஆதித்ய பிர்லா வழங்கும் ரெசினை வைத்து சீமென்ஸ் கமேசா 2021-இல் அப்படிப்பட்ட இறக்கைகளை அறிவித்தது. 2022-இல் ஜெர்மனியின் காஸ்காசி கடல் காற்றாலையில் அவை ஏறின. இந்திய நிறுவனத்தின் வேதியியல் வடகடலில் சுழலும்போது, இந்தியாவில் விற்கும் போனுக்குள் அந்த வகைச் சிந்தனையைக் கேட்பது மிகை ஆகாது.

மின்சாரத்தால் விடும் பசையும் சந்தைக்கு வந்துவிட்டது. 2024-இல் வந்த ஐஃபோன் 16, 16 பிளஸ் இரண்டிலும் பேட்டரிக்கு அடியில் இருப்பது அதுதான். ஒன்பது வோல்ட் பேட்டரியை இரண்டு கிளிப்பால் ஒன்றரை நிமிடம் இணைத்தால் போதும், பேட்டரி தானாகக் கழன்று வரும். கண்டிப்பாகச் சொன்னால் இது மேலே சொன்ன மீளும் பிணைப்பு வகையில் சேராது. பசைக்குள் இருக்கும் அயனித் திரவம் ஒட்டிய முகப்பில் வேலை செய்கிறது, மறுபடி ஒட்டப் புதுப் பசைதான் வேண்டும். ஆனாலும் நாங்கள் கேட்பது நடக்காத காரியம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. அதே ஆண்டு வந்த 16 புரோ மாடல்களில் இந்தப் பசை இல்லை. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, இரண்டு விதப் பசை. குறியீட்டில் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் விழுந்தால் அந்தக் குறியீடு எதை அளக்கிறது?

நம் ஊர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல், மே மாதத்தில் வேலூரிலோ நாக்பூரிலோ வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியை எட்டும். அங்கே கிடக்கும் போனின் பசை அந்தச் சூட்டில் விடக் கூடாது. பேட்டரிக்காக, கழற்றும்போது 60 டிகிரிக்கு மேல் போகவும் கூடாது. 70-இல் பிடிக்க வேண்டும், 60-இல் விட வேண்டும் என்றால் சூட்டை மட்டும் சாவியாக வைத்து இந்தப் பூட்டைச் செய்ய முடியாது. குளிர்நாட்டில் 65 டிகிரியில் திறக்கும் பசைக்கு அங்கே சான்றிதழ் கிடைத்திருக்கலாம். அதை அப்படியே இங்கே ஏற்றால் பேக் கவர் டேஷ்போர்டிலேயே வாய் பிளக்கும். ஈரமும் கணக்கில் வர வேண்டும். இமின் என்ற கார்பன்-நைட்ரஜன் பிணைப்பை நம்பும் மீளும் பசைகள் நீரைக் கண்டால் அவிழும் இயல்புடையவை. சென்னை, கொச்சி, மும்பை ஈரத்தில் மெல்ல மெல்ல வழுக்கும். மீளும் பிணைப்புகளின் பொதுவான பலவீனமே இந்த வழுக்கல்தான். பத்து நொடி இழுத்துப் பார்த்தால் இரும்பு போல நிற்கும். பத்து நாள் எடை தொங்கினால் நகர்ந்திருக்கும்.

வெளிநாட்டு விதிகளை நகலெடுப்பதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறை 2023/1542-இன் 11-ஆம் பிரிவு, 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வருகிறது. வெப்பமோ கரைப்பானோ இருந்தால்தான் பேட்டரி வரும் என்றால் அதை எளிதில் நீக்கக்கூடியது என்று அது ஏற்பதில்லை. நல்ல வரி. ஆனால் கைப்பேசிகளுக்கென 2025 ஜூன் 20 முதல் நடக்கும் 2023/1670 விதியில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பேட்டரி 500 சுற்றுக்குப் பிறகு 83 சதவீதமும் 1000 சுற்றுக்குப் பிறகு 80 சதவீதமும் கொள்ளளவு காட்டி, போன் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கினால், பயனரே கழற்றும்படி வைக்க வேண்டிய கட்டாயம் போய்விடும். அந்தச் சந்தினை இங்கே திறக்காதீர்கள். ஆயிரம் சுற்று என்பது தினம் ஒரு முறை சார்ஜ் போட்டால் மூன்று வருஷத்துக்குள் முடிந்துவிடும். நம் நாட்டில் ஒரு போன் இரண்டாம் கை, மூன்றாம் கை என்று அதற்குப் பிறகும் வாழ்கிறது.

நீங்கள் எடுத்தாள வேண்டிய கருவி வேறு இருக்கிறது. இஎன் 45554 என்ற ஐரோப்பியத் தரம் இணைப்பான்களை மூன்றாக வகுக்கிறது: மறுபடி பயன்படுத்தத் தக்கது, சேதமில்லாமல் நீக்கலாம் ஆனால் மறுபடி பயன்படாதது, இரண்டும் முடியாதது. இன்றைய பாலியூரித்தேன் விளிம்பு மூன்றாவது வகை. இழுத்தால் நீளும் டேப்பும் மின்சாரத்தில் விடும் பசையும் இரண்டாவது. உண்மையான மீளும் பிணைப்புப் பசை முதல் வகையில் திருகுக்குப் பக்கத்தில் உட்காரலாம். பசை அந்த இடத்துக்கு வர வாய்த்திருப்பது இப்போதுதான். அதற்கு மதிப்பெண் கொடுக்காவிட்டால் கூடுதல் செலவு செய்து அதைப் போட எந்த நிறுவனத்துக்கும் காரணம் இருக்காது.

எனவே எங்கள் கோரிக்கைகள்.

குறியீட்டின் வரைவில் ‘இணைப்பான்’ என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதி, பசை, டேப், ஊற்றி மூடும் ரெசின் மூன்றையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். மேலே சொன்ன மூன்று வகைப் பிரிவின்படி ஒவ்வொரு முதன்மைப் பாகத்துக்கும் பசைக்கென்று தனி மதிப்பெண் வேண்டும். பேட்டரியின் பசை மூன்றாவது வகை என்றால் மற்ற தலைப்புகளில் எவ்வளவு எடுத்திருந்தாலும் மொத்த மதிப்பெண் பாதியைத் தாண்டக் கூடாது.

ஒவ்வொரு மாடலுக்கும் பசைச் சீட்டு ஒன்றை நிறுவனம் வெளியிட வேண்டும். வணிக ரகசியமான கலவை விகிதம் எங்களுக்கு வேண்டாம். என்ன வகை, எதனால் விடும், எத்தனை டிகிரி அல்லது எத்தனை வோல்ட், எந்த முனை எங்கே, எத்தனை நிமிடம், எந்தத் திரவம் ஆகாது, சூடேற்றினால் என்ன வாயு வரும், மறுபடி ஒட்ட என்ன தேவை. ஒரு பக்கத்துக்கு மேல் வராது. பெட்டியில் போடும் கியூஆர் குறியில் இணைத்துவிடலாம். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இருக்க வேண்டும்.

தர நிர்ணய அமைவனம், ‘விடுவிக்கத்தக்க பசை’ என்ற பெயரைப் பயன்படுத்த ஒரு சோதனை முறையை வகுக்க வேண்டும். எங்கள் பரிந்துரை இது: 25 மி.மீ. அகலத் தகடுகள், ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி 12.5 மி.மீ., ஒட்டிய தகடுகளை எதிரெதிராக இழுத்து அறுக்கும், உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள அதே வெட்டிழுவைச் சோதனை. அந்தப் பரப்பில் ஒரு மெகாபாஸ்கல் என்பது சுமார் 32 கிலோ தொங்கல், கையால் உணரக்கூடிய அளவு. மாதிரிகளை 70 டிகிரி, 85 சதவீத ஈரப்பதத்தில் 500 மணி நேரம் வைத்துப் பிறகு இழுக்க வேண்டும். வலிமை ஐந்தில் நான்கு பங்கு மிஞ்ச வேண்டும். வழுக்கலுக்குத் தனியாக, 25-க்கு 25 மி.மீ. ஒட்டில் ஒரு கிலோ எடையை 70 டிகிரியில் 24 மணி நேரம் தொங்கவிட்டு நகர்வை அளக்க வேண்டும். அதன் பிறகு, முக்கியமாக அதன் பிறகு, சீட்டில் சொன்ன முறையில் விட வேண்டும். புதுப் பசை பிடியை விடுவது பெரிய விஷயமில்லை, மூன்று வருஷம் வெந்த பசை பிடியை விட வேண்டும். மீளும் பசை என்று உரிமை கோரினால் ஐந்து முறை பிரித்து ஒட்டிக் காட்டட்டும். உருகும் பிளாஸ்டிக் பசையை ‘மீளும் பிணைப்பு’ என்று விற்பதைக் கட்டுப்படுத்த இந்தச் சோதனை உதவும்.

பேட்டரியைப் பொறுத்தவரை, கழற்றும்போது அதன் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டத் தேவையில்லாத பசை மட்டுமே அனுமதிக்கப்பட வேண்டும். பேட்டரிக்குப் பாரம் தாங்கும் வலிமையில் ஒட்டு தேவையும் இல்லை; தட்டையாக நகராமல் இருந்தால் போதும்.

நிறுவனங்கள் தாமே அறிவிக்கும் மதிப்பெண்ணைச் சரிபார்க்க, கடையில் வாங்கிய போனை மூன்றாம் தரப்பு ஆய்வகத்தில் பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு வேண்டும். அந்த மேசையில் உற்பத்தியாளர்களோடு, தனியார் சர்வீஸ் கடைகளில் வேலை செய்பவர்களும் உட்கார வேண்டும். வரைவு வெளியாகும்போது கருத்துச் சொல்ல 60 நாள் அவகாசம் கொடுங்கள். பசைச் சீட்டின் மாதிரிப் படிவத்தை நாங்களே எழுதி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
கைப்பேசி சர்வீஸ் மேசையிலும் பாலிமர் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்யும் சிலர்
சென்னை